ஈரமும் இழையும்: குளிர்மழை நாட்டிற்குச் செல்வோர் உடை தெரியும் முறை

உலகு முழுதும் ஆளும் வேந்தனுக்கும், இரவும் பகலும் உறங்காது வேட்டை நாடித் திரியும் ஏழைக்கும் உணவின் அளவும் உடையின் எண்ணிக்கையும் ஒன்றே என்று புறநானூற்றில் நக்கீரனார் பாடியுள்ளார். அவர் கணக்கில் ஒருவர்க்கு உடை இரண்டு. அரையில் ஒன்று, மேலே ஒன்று. வெயில் காயும் சமவெளி நாட்டிற்கு இக்கணக்குப் பொருந்தும். இன்றும் ஆனைக்குட்டத்திலோ விருதுநகரிலோ சிவகாசியிலோ வாழ்கின்ற ஒருவர் ஆண்டின் பெரும்பகுதியை இரண்டு உடைகளோடு கழித்துவிடலாம்.

ஆனால் நக்கீரர் பெயரால் வழங்கும் நெடுநல்வாடையைப் படிப்போர் வேறொரு காட்சியைக் காண்கின்றனர். ஓயாத மழை. ஆயர்கள் வெள்ளத்துக்கு அஞ்சித் தம் நிரைகளை மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். அவர்கள் சூடிய கண்ணி நனைந்து நீர் ஒழுகுகின்றது. கையில் கொள்ளியை ஏந்திக் குளிர் காய்ந்தும் தாடை நடுங்குகின்றது. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்குகள் கூனிக் கிடக்கின்றன. இங்கே உடலை வருத்துவது குளிர் மட்டுமன்று. குளிரும் ஈரமும் காற்றும் சேர்ந்த கூட்டு. இம்மூன்றும் சேரும் இடத்தில் இரண்டு உடை போதாது என்பதையும், எத்தகைய உடை வேண்டும் என்பதையும், அவ்வுடையால் நம் பகுதியில் நேரக்கூடிய தீங்கு யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இதனை ஒரு தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று கேட்கலாம். நம் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் இவ்வூரிலேயே இருப்பதில்லை. படையில் சேர்ந்து இமயத்துக்குச் செல்வோர் உளர். உதகையிலும் வால்பாறையிலும் மூணாற்றிலும் பணி ஏற்போர் உளர். மேற்படிப்புக்காக இங்கிலாந்து, கனடா முதலிய நாடுகளுக்குச் செல்வோர் தொகையும் பெருகியுள்ளது. அவர்கள் தம் பெட்டியில் முதலில் அடுக்குவது இங்கே உடுத்திப் பழகிய பருத்தி ஆடைகளையே. ஆகவே இச்செய்தி மாணவர்க்கும் அவர்களை வழியனுப்பும் பெற்றோர்க்கும் ஒருங்கே உரியது.

பருத்தி விளைந்த மண்

நமது மாவட்டம் கரிசல் மண். இம்மண்ணில் கருங்கண்ணிப் பருத்தி தலைமுறை தலைமுறையாக விளைந்தது. இராசபாளையத்தில் நூற்பாலைகள் எழுந்தன. அருப்புக்கோட்டையில் தறிகள் ஓடின. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் அதன் சுற்றூர்களிலும் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் தொழில் வேரூன்றியது. புண்ணிலிருந்து கசியும் நீரைக் கணப்பொழுதில் உறிஞ்சிக்கொள்வதால்தான் பருத்தி கட்டுத்துணியாகின்றது. இக்குணத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் மையம் அதுவே.

ஆட்டுமயிரில் நம் மண்ணுக்கு அத்தகைய செல்வம் இல்லை. வேம்பூர் ஆடும் கீழக்கரிசல் ஆடும் குட்டை மயிர் கொண்டவை, வெயிலைத் தாங்குவதற்கு ஏற்றவை, கம்பளிக்கு உதவாதவை. தமிழகத்தில் மெல்லிய கம்பளி தரும் இனமாகப் பெயர் பெற்றது நீலகிரி ஆடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ முதலிய வெளிநாட்டு இனங்களைக் கலந்து உருவான ஆடு அது. உதகையை அடுத்த சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் அவ்வினத்தைப் பேணி வருகின்றது. குளிர் உள்ள இடத்து ஆட்டுக்குக் கம்பளி, வெயில் உள்ள இடத்து ஆட்டுக்குக் குறுமயிர் என்னும் இம்முறையை மனிதனும் பின்பற்ற வேண்டியுள்ளது.

பழந்தமிழர் கம்பளியை அறியாதவர் அல்லர். மதுரை அறுவை வீதியைக் காட்டும் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, பருத்தி நூலாலும் மயிராலும் பட்டு நூலாலும் நெய்த துணிகள் அங்கே அடுக்கப்பட்டிருந்ததைச் சொல்கின்றது. பழனிமலைப் பகுதியை ஆண்ட பேகன், மயிலுக்குப் போர்வை தந்தான் என்பது அறிந்த செய்தி. அதனைக் கொடைமடம் என்று உரைப்போம். ஆயினும் மலைநாட்டுத் தலைவன் ஒருவனுக்கு, குளிரில் முதலில் வேண்டுவது போர்வை என்று தோன்றியது இயல்பே. அரபு மொழியில் கம்பளிக்குச் ‘சூஃப்’ என்று பெயர். எளிய கம்பளி உடுத்திய துறவியரைக் குறித்த ‘சூஃபி’ என்னும் சொல் அதிலிருந்தே பிறந்தது என்பது அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம்.

ஈரம் ஏன் கொல்லுகின்றது?

துணி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை உண்டாக்குவது உடல். இழைகளுக்கு இடையே அசையாமல் தங்கும் காற்றே அவ்வெப்பத்தை வெளியே விடாமல் காக்கின்றது. அக்காற்றின் இடத்தில் நீர் புகுந்துவிட்டால் காவல் போய்விடும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும்.

அத்தோடு முடிவதில்லை. துணியில் உள்ள நீர் ஆவியாக மாறுவதற்கு வெப்பம் வேண்டும். தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி தேவை. நனைந்த முரட்டு ஜீன்சுக் கால்சட்டை ஒன்றில் அரை லிட்டர் நீர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். அதனை உடல் வெப்பத்தாலேயே உலர்த்த 290 கிலோ கலோரி செலவாகும். சும்மா இருக்கும் மனித உடல் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் அது. வெயில் நாட்டில் இச்செலவு நமக்கு இன்பமாகின்றது. நனைந்த பருத்தித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உழவர் வெயிலைத் தணிப்பது இதனாலேதான். குளிர் நாட்டில் அதே செலவு உயிரைக் குடிக்கும்.

உடலின் உள்வெப்பம் 37 பாகை செல்சியசு. அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் மருத்துவர் அதனை உடல்குளிர்வு நோய் என்பர். அதற்குப் பனிக்கட்டி உறையும் குளிர் வேண்டுவதில்லை. பத்துப் பாகைக் குளிரில், மழையும் காற்றும் களைப்பும் பசியும் சேர்ந்தால் போதும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். விருதுநகரில் 30 பாகை இருக்கும் நாளில், 2,100 மீட்டருக்கு மேல் உள்ள கொடைக்கானலில் 17 பாகை அளவே எதிர்பார்க்க வேண்டும். இரவும் மழையும் சேர்ந்தால் இன்னும் குறையும். நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டு 8 அன்று ஒரே நாளில் 800 மில்லி மீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழைக்கு ஏறத்தாழ ஈடானது அது.

வரலாறு தந்த பாடங்கள்

1962 அக்டோபரில் வடகிழக்கு எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற இந்திய வீரர்கள் பலர், சமவெளியில் உடுத்திய பருத்திச் சீருடையோடும் சொற்பக் கம்பளங்களோடும் 10,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் எதிரியை எதிர்கொண்டனர். தோல்விக்குக் காரணங்கள் பல. உடைக்குறையும் அவற்றுள் ஒன்றாக வரலாற்றாசிரியரால் தவறாது சுட்டப்படுகின்றது. அச்செய்தி பரவியபோது நாடெங்கும் பெண்கள் வீரர்களுக்காகக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்ததை நம் பெரியோர் சிலர் இன்றும் நினைவுகூர்வர்.

1964 மார்ச்சு மாதம் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மேட்டுநிலத்தில் நான்கு விடுதிகளை இணைக்கும் 45 மைல் நடைப்போட்டி ஒன்று நடந்தது. கலந்துகொண்டோர் சாரணர் இயக்க இளைஞர். உடல் வலுவில் குறைந்தவர் அல்லர். மழையும் காற்றும் கடுமையாயின. 240 பேர் புறப்பட்டனர்; 22 பேரே நடையை முடித்தனர்; மூன்று இளைஞர் குளிரால் உயிரிழந்தனர். 1953ஆம் ஆண்டு எவரெஸ்டுக் குழுவில் உடலியல் அறிஞராய் இருந்த கிரிஃபித் பியூ இந்நிகழ்ச்சியை ஆராய்ந்தார். துணி நனைந்து, காற்றும் வீசி, நடப்பவரும் களைத்துவிட்டால், உடையின் காக்கும் ஆற்றலில் சிறு பகுதியே எஞ்சும் என்பதை அவர் ஆய்வு காட்டியது. வலிமையான உடலும் நனைந்த உடையும் சேர்ந்தால் வெல்வது நனைந்த உடையே.

அண்மைக்காலச் செய்தியும் உண்டு. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகாண்டின் சகஸ்திர தால் மலைவழியில் நடந்த கர்நாடகக் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் இறந்தனர். ஜூன் மாதம் என்பது நமக்கு வெயிற்காலம். மலைக்கு அந்த நாட்காட்டி இல்லை.

தோட்டத்துக் கம்பளி

இவை பிறர் கதைகள் என்று எண்ண வேண்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும், பின்னர் ஆனைமலைக்கும் மூணாற்றுக்கும் ஏழை மக்கள் திரள்திரளாகச் சென்றனர். 1985இல் தனி மாவட்டமான நம் பகுதி அந்நாளில் இராமநாதபுரத்தைச் சேர்ந்ததே. கரிசலின் வெயிலில் பிறந்த அவர்கள் ஓரிரு முழத்துணியோடு மலை ஏறினர். தோட்டத்தில் அவர்களுக்கு முதலில் கிடைத்த பொருள்களில் ஒன்று கம்பளி. அது பெரும்பாலும் இலவசமாக வந்ததன்று. முன்பணக் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட புதினம், ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பாகத் தமிழில் வந்துள்ளது. குளிரும் மழையும் காய்ச்சலும் கடனும் ஒன்றையொன்று எவ்வாறு பின்னிக்கொண்டன என்பதை அறிய விரும்பும் மாணவர் அதனைப் படித்தல் நலம்.

விடுதலைக்குப் பின் 1951இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மழையிலும் குளிரிலும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழையங்கி முதலியவற்றை முதலாளி வழங்குமாறு விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குத் தந்தது. கடனாக இருந்த கம்பளி உரிமையாக மாறிய வரலாறு அது.

அத்தோட்டத்துப் பெண்கள் உடுத்திய முறையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். உள்ளே சேலையும் சட்டையும். அதன்மேல் தலையை மூடி முதுகில் தொங்கும் கம்பளி. இடுப்பைச் சுற்றிச் செடியின் ஈரம் படாமல் காக்கும் படங்கு. பிற்காலத்தில் கம்பளியின்மேல் பிளாஸ்டிக் தாளும் சேர்ந்துகொண்டது. சூடு காப்பது ஒன்று, நீர் தடுப்பது ஒன்று என வேலையைப் பிரித்துக் கொடுத்த அறிவு அது. இன்று மலையேறுவோர் கையேடுகள் அடுக்காடை முறை என்று விரித்துரைக்கும் கருத்தை அப்பெண்கள் பள்ளிக்கூடம் செல்லாமலே கைக்கொண்டனர். நம் ஊர் ஆயர் கம்பளியையோ சாக்கையோ மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணியும் இவ்வறிவின் பாற்பட்டதே.

நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளி இவ்விடத்தில் எதிர்க்கேள்வி எழுப்பும். அது பருத்தியால் ஆனது. குளிர் மலையில் பருத்தி எவ்வாறு பயன்பட்டது? பூத்துக்குளி இரட்டையாக மடித்த தடித்த போர்வை. உடலைச் சுற்றிக் காற்றைச் சிறைப்படுத்துவது. தோடர் குடிலோ மிகச் சிறு வாயில் உடையது. உள்ளே அடுப்பின் வெம்மை உண்டு. உலர்ந்த பருத்தி சூடு காக்கும். நனைந்தால் உலர்த்திக்கொள்ள வீடும் நெருப்பும் அருகில் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத நெடுவழியில் பருத்தியை நம்புதல் கூடாது. அப்பூத்துக்குளியின் பூவேலை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது.

இழைகளின் இயல்பு

ஈரப்பதம் 65 விழுக்காடு உள்ள காற்றில், உலர்ந்த இழை நூறு கிராம் எவ்வளவு நீரை ஈர்த்துக்கொள்ளும் என்று இழைநூலார் கணக்கிட்டுள்ளனர். பருத்தி 8.5 கிராம், கம்பளி ஏறத்தாழ 16 கிராம், நைலான் 4 கிராம், பாலியெஸ்டர் 0.4 கிராம்.

இக்கணக்கைப் பார்ப்போர்க்கு ஓர் ஐயம் எழும். பருத்தியைவிடக் கம்பளி மிகுதியாக நீர் ஈர்க்கின்றதே, பின் எவ்வாறு சூடு காக்கும்? விடை இழையின் உருவத்தில் உள்ளது. கம்பளி இழை சுருள் சுருளானது. நனைந்தாலும் துவண்டு படியாமல் நிமிர்ந்து நின்று, இடையே காற்றை வைத்துக்கொள்ளும். அதன் மேற்புறம் நீர்த்துளியை விலக்கும். ஆவியை மட்டும் உள்ளே ஏற்கும். ஆவியை ஏற்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளியிடும். பருத்தி இழையோ நனைந்தவுடன் துவண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆதலின் கம்பளி ஈரத்திலும் சூடு தரும்; ஆனால் உலர நெடுநேரம் ஆகும்; நனைந்தால் சுமையும் கூடும்.

பாலியெஸ்டர் இழை நீரை ஏற்பதே இல்லை எனலாம். இழைகளின் இடையே தங்கிய நீரை முறுக்கிப் பிழிந்து உதறினால் பெரும்பகுதி போய்விடும். எஞ்சியது விரைவில் உலரும். இதனைச் சுருள்சுருளாகப் புசுபுசுவென்று நெய்து, எடையில் குறைந்ததாகவும் காற்றை மிகுதியாகச் சிறைப்பிடிப்பதாகவும் ஆக்கிய துணியே ‘ஃபிளீஸ்’. அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்து மால்டன் மில்சு என்னும் ஆலை 1979ஆம் ஆண்டளவில் இதனை உருவாக்கிப் பரப்பியது. இன்று பழைய பிளாஸ்டிக் புட்டிகளை உருக்கியும் இத்துணி செய்கின்றனர்.

பறவையின் மென்தூவி அடைத்த மேலங்கி உலர்குளிருக்கு ஒப்பற்றது. நனைந்தால் கட்டிபட்டுப் பயனற்றுப் போகும். மழைக்குளிர்க்கு அது முதல் தேர்வன்று. அக்ரிலிக் நூலால் பின்னிய மலிவான சுவெட்டர் கம்பளியின் முழுப்பயனைத் தாராது எனினும், பருத்திச் சட்டையினும் நன்று.

பருத்தியை முற்றும் பழித்தலும் முறையன்று. இரண்டாம் உலகப் போரில் கடலில் விழுந்த விமானிகள் குளிர்நீரில் இறந்தபோது, மான்செஸ்டரின் சர்லி ஆய்வுக்கூடம் நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்து ‘வென்டைல்’ என்னும் துணியை ஆக்கியது. நனைந்தவுடன் பருத்தி இழை பருக்கின்றது. பருத்த இழைகள் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. நீர் உட்புக இயலவில்லை. நீரை ஏற்கும் அதே குணமே அங்கே காவலாயிற்று. எனினும் அது தனித்திறத்தால் நெய்த துணி. கடையில் கிடைக்கும் சட்டைத்துணிக்கு அவ்வாற்றல் இல்லை.

மூன்று அடுக்கு

1924இல் எவரெஸ்டில் மறைந்த மலோரியின் உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டது. அவர் பட்டு, பருத்தி, கம்பளி ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, அவற்றின்மேல் காற்றைத் தடுக்கும் காபர்டைன் துணியை உடுத்தியிருந்தார். அவ்வாடைகளைப் போலவே செய்து 2006இல் எவரெஸ்டில் அணிந்து பார்த்தனர். எடை குறைந்ததாகவும் இயங்க எளியதாகவும் அது அமைந்திருந்தது. பல மெல்லிய அடுக்கு ஒரு தடித்த ஆடையினும் நன்று என்பது இதனால் விளங்கும்.

முதல் அடுக்கு தோலைத் தொடும் உள்ளாடை. வியர்வையைத் தோலிலிருந்து அகற்றுவது இதன் கடமை. பாலியெஸ்டர் அல்லது மெல்லிய மெரினோக் கம்பளி ஏற்றது. விளையாட்டு மாணவர் அணியும் பாலியெஸ்டர் ஜெர்சியே இதற்குப் போதுமானது; திருப்பூரில் இவை ஏராளமாகச் செய்யப்படுகின்றன. ‘தெர்மல்’ என்று விற்கும் உள்ளாடைகளில் பருத்தி கலந்தவை பல. ஆகவே பெயரை நம்பாமல் உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும்.

இரண்டாம் அடுக்கு சூடு காப்பது. ஃபிளீஸ் அல்லது கம்பளிச் சுவெட்டர். தடித்த ஒன்றைவிட மெல்லியவை இரண்டு நல்லவை. ஏறும்போது ஒன்றைக் கழற்றி, நிற்கும்போது மீண்டும் அணியலாம். வியர்த்தபின் கழற்றுவதிலும் வியர்க்குமுன் கழற்றுவதே அறிவுடைமை. வியர்வையும் மழையைப் போன்ற நீரே.

மூன்றாம் அடுக்கு மழையையும் காற்றையும் தடுப்பது. 1969இல் ராபர்ட் கோர் என்பார் ஒருவகைப் பிளாஸ்டிக்கை விரைந்து இழுத்து நுண்துளைகள் உடைய சவ்வாக மாற்றினார். நீர்த்துளி புக இயலாத, ஆவி மட்டும் வெளியேறக்கூடிய துளைகள் அவை. அத்தகைய அங்கிகள் விலை மிக்கவை. எளியோர் வருந்த வேண்டா. தலைமூடி உள்ள, தையலில் நாடா ஒட்டிய, அக்குளில் காற்றுத்துளை விட்ட நைலான் மழைக்கோட்டு பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். உள்ளே இரண்டு அடுக்கு அணிந்தபின்னும் கையை உயர்த்த இடம் இருக்கின்றதா என்று கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும்.

இடுப்புக்குக் கீழே ஜீன்சை விலக்க வேண்டும். பாலியெஸ்டர் அல்லது நைலான் கால்சட்டை நன்று. பெண்கள் சுடிதாரோ நீண்ட மேலங்கியோ அணிவாராயின், அது பாலியெஸ்டரால் ஆனதாகவும், நிலத்தைத் தொட்டு நீரை மேலே இழுக்காத நீளத்ததாகவும் இருத்தல் வேண்டும். உள்ளே வெப்பக் கால்சட்டை அணியலாம். தலைத்துணியும் பருத்தியாயின் மழையில் கழுத்துக்கு ஈரப்பட்டை ஆகிவிடும். மெல்லிய கம்பளியோ ஃபிளீசோ நல்லது. தலைக்குக் கம்பளிக் குல்லா, கைக்கு உறை, காலுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு இணை தேவை. ஓர் இணை எப்பொழுதும் உலர்ந்தே பையில் இருக்க வேண்டும். உறங்கும் உடை ஒன்றை நீர் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, எவ்வளவு நனைந்தாலும் பகலில் அதனைத் தொடாதிருத்தல் வேண்டும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் முன்னோர் மொழி. குளிர் நாட்டிலோ கசக்கிப் பிழிந்து உலர்த்திக் கட்டு என்று அதனை நீட்டிக்கொள்ளலாம்.

ஐயமுள்ளோர் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே அளவாக வெட்டிய பருத்தி, கம்பளி, பாலியெஸ்டர்த் துண்டுகளைத் தராசில் நிறுத்து, நீரில் முக்கி, ஒரே போல் பிழிந்து, மீண்டும் நிறுக்க வேண்டும். பிறகு நிழலில் தொங்கவிட்டு மணிக்கொரு முறை நிறுத்தால் எது எவ்வளவு நீரை வைத்துக்கொள்கின்றது என்பது கண்கூடாகும். இழையைத் தீயில் காட்டி அறியும் முறையும் உண்டு; வெடிமருந்து புழங்கும் நம் பகுதியில் அதனை எவரும் செய்து பார்க்க வேண்டா.

நோயின் அறிகுறி

உடல் குளிர்ந்தவர் முதலில் நடுங்குவார். பிறகு பேச்சுக் குழறும், கைவிரல் பொத்தானைப் போட மறுக்கும், நடை தடுமாறும், எரிச்சலும் மறதியும் தோன்றும். நடுக்கம் தானே நின்றுவிட்டால் குணமாயிற்று என்று மகிழ்தல் கூடாது. அதுவே பேராபத்தின் அடையாளம். உடனே காற்றுப் படாத இடத்திற்குக் கொண்டுசென்று, நனைந்த உடையைக் களைந்து, உலர்ந்த உடையும் போர்வையும் அணிவித்து, நிலத்தின் குளிர் ஏறாமல் கீழே விரிப்பும் இட வேண்டும். நினைவோடு விழுங்கக்கூடியவர்க்குச் சூடான இனிப்புப் பானம் தரலாம். மது உடல் வெப்பத்தை இழக்கச் செய்யும். அது கூடவே கூடாது. கைகால்களை அழுந்தத் தேய்த்தலும் தவறு. மருத்துவ உதவியைத் தாமதியாது நாட வேண்டும்.

அதே குணம், வேறு இடம்

இதுகாறும் பருத்தியை விலக்குக என்றோம். இனி அதற்கு நேர்மாறான ஒன்றைக் கூறி முடிக்க வேண்டியுள்ளது.

ஆனைக்குட்டத்தில் அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே அமைந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றியும், விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் வழியிலும், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கங்களிலும் பட்டாசு ஆலைகள் நிறைந்துள்ளன. அங்கே வேலை செய்வோர் பருத்தி ஆடையே அணிய வேண்டும், செயற்கை இழை ஆடை கூடாது என்பது பாதுகாப்பு முறைகளில் முதன்மையானது. காரணம் இரண்டு. பாலியெஸ்டரும் நைலானும் நீரை ஏற்காமையால், உராயும்போது பிறக்கும் நிலைமின்சாரம் கசிந்து வெளியேற வழியின்றி ஆடையில் தேங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பொறி மருந்துக் கலவைக்குப் போதும். இரண்டாவது, தீப்பற்றினால் பாலியெஸ்டர் 260 பாகையளவில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்; புண் ஆழமாகும். பருத்தி எரியும், கருகும், உருகி ஒட்டாது. தன்னுள் ஈரத்தை வைத்திருக்கும் பருத்தி நிலைமின்சாரத்தைத் தேங்கவிடாமல் கசியவும் செய்யும்.

நோக்குக: மலையில் ஒருவனைக் கொல்லும் குணம் எதுவோ அதுவே இங்கே ஒருவனைக் காக்கின்றது. ஈரத்தை ஏற்றுக்கொள்ளும் பருத்தி அங்கே பகை, இங்கே நட்பு. ஈரத்தை ஏற்காத பாலியெஸ்டர் அங்கே நட்பு, இங்கே பகை. பொருளின் குணம் மாறவில்லை, இடம் மாறியது. அகப்பொருள் இலக்கணத்தில் நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று படித்தவர் நாம். அவ்விரண்டையும் அறியாமல் உடையைத் தெரிவதும் தவறாய் முடியும்.

ஆகவே மலைக்கும் குளிர்நாட்டிற்கும் செல்லும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். அங்கே பருத்தியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பாலியெஸ்டரும் கம்பளியும் அணிக. நெருப்பருகே குளிர் காயும்போது ஃபிளீசை எட்டவே வைத்துக்கொள்க. விடுமுறையில் ஊர் திரும்பிக் குடும்பத்தார்க்குத் துணையாகப் பட்டாசு ஆலைக்குள் நுழைய நேரின், அங்கிருந்து அணிந்துவந்த ஜெர்சியோடும் ஃபிளீசோடும் வாயிலைத் தாண்டாதீர். வீட்டிலேயே அவற்றைக் களைந்து பருத்திச் சட்டைக்கு மாறுக. வேலைக்குச் செல்லும் தாய்மாரிடமும் தங்கையரிடமும், பளபளக்கும் செயற்கை இழைச் சேலை விழாநாளுக்கு இருக்கட்டும், ஆலைக்குப் பருத்திச் சேலையே ஆகட்டும் என்று எடுத்துக் கூறுக. துணியின் உள்ளே தைத்த சிறு சீட்டைப் படிக்கும் பழக்கம் ஒன்று நம் வீடுகளில் பரவுமாயின், இக்கட்டுரை எழுதிய பயன் நிறைவேறும்.